கோலப்பொடியில போட்ட ஊரு மேப்பு சாயங்காலம் எங்க போகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல ஒரு போட்டோ பாத்தேன். வேளாண் கல்லூரி நாலாம் வருசப் புள்ளைங்க கிராமத்துல தங்கிப் படிக்க வந்தவங்க, சாவடி முன்னாடி கலர் கலரா கோலப்பொடியில ஊரு மேப்பு போட்டிருந்தாங்க, சுத்தி ஊர்க்காரங்க நின்னுக்கிட்டிருந்தாங்க, கீழ நாலு வரியில "பங்கேற்பு ஊரக மதிப்பீடு நடைபெற்றது, விவசாயிகள் திரளாகக் கலந்துகொண்டனர்"னு போட்டிருந்தீங்க. இந்த மாதிரி போட்டோ வருசா வருசம் வருது, எல்லாரும் பாத்துட்டுத் திருப்பிருவாங்க. என்னால திருப்ப முடியல சார். இருவது வருசத்துக்கு மேல, ஊர்க்காரங்களையே அவங்க ஊர வரைய வச்சுப் பேச வைக்கிற இதே வேலையத்தான் கமுதி, முதுகுளத்தூர், திருச்சுழி பக்கத்துக் கிராமங்கள்ல பாத்தேன். அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கங்க, ஆனா மேப்பு எங்க போகுதுங்கிற கேள்விய மட்டும் வெட்டிராதீங்க.

அந்தப் போட்டோவுல நான் தேடுனது ஒண்ணுதான். பொடி யாரு கையில இருக்குன்னு. நாலு புள்ளைங்க குனிஞ்சு போட்டுக்கிட்டிருக்கு, ஊர்க்காரங்க கைகட்டி வேடிக்க பாக்குறாங்க. புள்ளைங்கள நான் குறை சொல்லல, அவங்களுக்கு மார்க் இருக்கு, ரெக்கார்டு நோட்டு இருக்கு, சார் வந்து பாக்குறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம் இருக்கும். ஆனா அந்தப் பொடிய ஒரு அம்மா கையில குடுத்திருந்தா அந்தப் படமே வேற மாதிரி வந்திருக்கும். கோலப்பொடி பிடிக்க நம்ம ஊருப் பொம்பளைங்களுக்கு யாரு கத்துக் குடுக்கணும், விடிஞ்சா வாசல்ல போடுறவங்கதான.

எனக்கு 24 வயசுல ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல களப்பணியாளரா சேந்தேன், 1996. அப்பதான் மத்திய அரசு, மழைத் தண்ணிய அங்கங்க தடுத்து மண்ணக் காக்குற நீர்வடிப்பகுதித் திட்டத்துக்கு புது வழிகாட்டி போட்டு நடைமுறைக்கு வந்த நேரம், மக்கள உக்கார வச்சு அவங்க வாயால கேட்டுத்தான் திட்டம் போடணும்னு அதுல இருந்துச்சு. ட்ரெய்னிங்ல எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், தரையில வரையிற குச்சிய அவங்க கையில குடுத்துட்டு நீ ஒதுங்கி நில்லு. ரெண்டாவது பாடம், வாய மூடு. ரெண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம், படிச்ச கழுதைக்கு சும்மா இருக்கத் தெரியாது, அவங்க ஒரு கோடு தப்பா போட்ட மாதிரி தெரிஞ்சாலே கை பரபரங்கும்.

இது எங்கருந்து வந்துச்சுன்னு சின்னதா சொல்லிர்றேன். எழுபதுகள்ல வளர்ச்சி வேலைன்னு அதிகாரிங்களும் வெளிநாட்டு நிபுணர்களும் கார்ல வந்து, தார் ரோட்டு ஓரத்து ஊர மட்டும் பாத்து, பெரிய வீட்டுத் திண்ணையில காப்பி குடிச்சு, அங்கருந்த நாலு ஆம்பளைங்ககிட்ட கேட்டு எழுதிட்டுப் போயிருவாங்க. இத ராபர்ட் சேம்பர்ஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் கிராம வளர்ச்சிச் சுற்றுலான்னே சொல்லிக் காட்டுனார். அப்புறம் எண்பதுகளோட கடைசியில கென்யாவுலயும் நம்ம நாட்டுலயும் ஏறக்குறைய ஒரே நேரத்துல ஆரம்பிச்சதுதான் இந்த முறை, இங்க குஜராத்துல ஆகா கான் அமைப்பும் கர்நாடகத்துல மைராடாங்கிற தொண்டு நிறுவனமும் கிராமம் கிராமமா செஞ்சு பாத்தாங்க. பின்னாடி வேலை செஞ்சவங்களே பேர மாத்திக்கிட்டாங்க, மதிப்பீடுங்கிறத எடுத்துட்டு பங்கேற்பு, கற்றல், செயல்னு வச்சாங்க. ஏன்னா மதிப்பீடுன்னா வெளியாள் வந்து மதிப்புப் போடுறது, கற்றல்னா அந்த ஊர்க்காரங்க தங்கள தாங்களே உக்காந்து படிக்கிறது. நம்ம பேப்பர்ல இன்னும் "மதிப்பீடு"ன்னுதான் வருது. ஊருக்கு மார்க் போட வந்த மாதிரி இருக்கு அந்த வார்த்தை.

கத்துக்கிறதுன்னு நான் எதச் சொல்றேன்னு ஒரு விசயம் சொன்னா புரியும். ஒரு மானாவாரிக் கிராமம், கண்மாய்ப் பாசனம் கொஞ்சம், மிச்சம் மிளகாக் காடும் சீமக்கருவேலும்தான். மகளிர் குழு கூட்டத்துல பருவகால நாட்காட்டி போடலாம்னு தரையில பன்னெண்டு கட்டம் இழுத்தோம். நாங்க ஜனவரின்னு எழுதப் போனோம், ஒரு ஆத்தா கையப் பிடிச்சு, "ஆடியில இருந்து போடு தாயி, எங்களுக்கு வருசம் அங்கனதான் தொறக்குது"ன்னுச்சு. சரின்னு ஆடியில ஆரம்பிச்சோம். மழைக்கு வேப்பங்கொட்டை, வேலைக்கு சோளத்தட்டை ஒடிச்ச துண்டு, கடனுக்கு புளியங்கொட்டை. எந்த மாசம் அதிகமோ அந்தக் கட்டத்துல அதிகமா வைக்கணும். எழுத்தே தெரியாத அம்மாமார் எல்லாம் குனிஞ்சு வச்சாங்க, ஒருத்தி வச்சத இன்னொருத்தி எடுத்து மாத்தி வச்சா, சண்டை, சிரிப்பு, ஒரு மணி நேரம் நாங்க பேசவே இல்ல.

எங்க கணக்குல கடன் ஆனி மாசம்தான் கூட இருக்கும், பள்ளிக்கூடம் தொறக்குற நேரம், இல்லன்னா தீவாளிக்கு இருக்கும்னு நெனச்சிருந்தோம். புளியங்கொட்டை குவிஞ்சது புரட்டாசியில. ஏன்னு கேட்டா, மழைக்கு முன்னாடி புழுதி வெதப்புப் போட்டாகணும், வெத வாங்கணும், டிராக்டர் வாடகை குடுக்கணும், ஆனா மிளகாப் பழம் எடுத்து முடிஞ்சு, கருவேல வெட்டி கரி மூட்டம் போடுற வேலையும் நின்னு, கையில ஒத்த ரூவா வராத மாசம் ஆவணியும் புரட்டாசியும்தான். அப்ப பத்து வட்டிக்கு வாங்குறாங்க. பேங்குல இருந்து குழுக் கடன் எப்ப வருதுன்னு பக்கத்துலயே வைக்கச் சொன்னோம், அது தையில போய் உக்காந்துச்சு. ரெண்டு குவியலையும் பாத்துக்கிட்டே இருந்த ஒரு அக்கா சொன்னது இன்னிக்கும் காதுல கேக்குது: "கையில காசு இருக்கயில கடன் குடுக்குறாக, காசு இல்லாதப்ப நம்மள வட்டிக்காரன் வாசலுக்கு அனுப்புறாக." அத நாங்க சொல்லிக் குடுக்கல. அவங்களுக்கு இந்த ரெண்டும் தனித்தனியா ரொம்ப வருசமாத் தெரியும், ஆனா ஒரே தரையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தது அன்னிக்குத்தான். அந்தக் குழு அப்பவே முடிவெடுத்துச்சு, குழுச் சேமிப்புல உள் கடன் குடுக்குறத சித்திரையோட நிப்பாட்டி சேத்து வச்சு, ஆவணிக் கடைசியில வெதக் கடனா மட்டும் குடுக்குறதுன்னு.

இன்னொண்ணும் நடந்துச்சு. நிறுவனங்களப் பத்தி வட்டம் வெட்டி ஒட்டுற படம் ஒண்ணு இருக்கு, நாங்க சப்பாத்திப் படம்னு சொல்லுவோம், எது முக்கியமோ அதுக்குப் பெரிய சப்பாத்தி, எது நமக்குப் பக்கமோ அத கிட்ட வைக்கணும். ரேசன் கடைக்குப் பெருசா வெட்டிக் கிட்ட வச்சாங்க. நர்சம்மாவுக்குச் சின்னது, ஆனா ரொம்பக் கிட்ட. விஏஓவுக்குப் பெருசு, ஆனா நாங்க விரிச்சிருந்த தார்ப்பாய விட்டே வெளிய. பேங்கும் அடகுக் கடையும் வந்தப்ப அடகுக் கடைச் சப்பாத்திதான் பெருசு. ஐம்பது கேள்வி உள்ள சர்வே ஃபாரத்துல இது வராது சார், நான் அந்த ஃபாரமும் எழுதியிருக்கேன், "வங்கிக் கணக்கு உள்ளதா, ஆம் இல்லை"ன்னுதான் இருக்கும்.

ஆனா இந்த முறைய வச்சுக்கிட்டே ஒரு ஊரத் தப்பாவும் படிக்கலாம், அதையும் சொல்லணும். நாங்க முதல் வருசம் எல்லா மேப்பும் கோயில் முன்னாடி இல்லன்னா சாவடி முன்னாடிதான் போட்டோம், இடம் விசாலமா இருக்குன்னு. ஒரு ஊர்ல மேப்பு முடிஞ்சு எண்ணிப் பாத்தா வீடு குறையுது. காலனியவே காணோம். கேட்டா, "ஊருன்னா இம்புட்டுத்தாங்க, அது தனி"ங்கிறாங்க. காலனிக்காரங்க ரெண்டு மூணு பேரு தூரத்துல வேப்பமரத்தடியில நின்னுதான் பாத்துக்கிட்டிருந்தாங்க, கிட்ட வரல, நாங்களும் அந்த இடத்துக்கு அவங்களால வர முடியுமான்னு யோசிக்காமப் போய் உக்காந்துட்டோம். மறுநாள் காலனிக்கே போனோம். அவங்க போட்ட மேப்புல ஊரு மேப்புல இல்லாத ஒரு கோடு இருந்துச்சு, மயானத்துக்குப் போற பாதை, நடுவுல பட்டா நெலத்துல மறிச்சு நிக்கிற இடத்துல ஒரு கல்லத் தூக்கி வச்சாங்க. மழைக்காலத்துல பொணத்த வரப்புல தூக்கிட்டுப் போறத அந்தக் கல்லு சொல்லுச்சு. ரெண்டு மேப்பையும் சார்ட்டுல வரைஞ்சு பள்ளிக்கூடத்துல பக்கத்துல பக்கத்துல மாட்டுனோம். அன்னிக்கு யாரும் எதுவும் பேசல. அந்தப் பாதை கிராமசபைத் தீர்மானமாகுறதுக்கு அப்புறம் எட்டு வருசம் ஆச்சு. ஆனா மேப்புல இருக்குறத இல்லைன்னு யாரும் சொல்ல முடியல, அது மட்டும் உண்மை.

பொம்பளைங்க மேப்பும் அப்படித்தான். ஆம்பளைங்க போட்டா கண்மாய், மடை, கோயில், பஸ் ஸ்டாப். பொம்பளைங்க போட்டா ஊருணிக்குப் போற ஒத்தையடிப் பாதை, வெளிய தெருவப் போற கருவேல மறைவு, அந்த மறைவ கரி மூட்டத்துக்கு வெட்டுனதுல இருந்து எங்க போறோம்ங்கிறது, ராத்திரி லைட்டு இல்லாத வளைவு. ஒரே ஊரு, ஆனா ரெண்டு படம். காலையில பத்து மணிக்கு நீங்க மீட்டிங் வச்சா ஒரு படம்தான் கிடைக்கும், ஏன்னா அந்த நேரம் அவங்க நூறு நாள் வேலையில இல்லன்னா மிளகாக் காட்டுல நிப்பாங்க. ராத்திரி ஏழு மணிக்கு மேல போகணும், சோறு வடிச்சு எறக்குன பெறகு.

இப்ப நான் எதுக்கு இந்த லெட்டர் எழுத ஆரம்பிச்சேனோ அங்க வர்றேன். மேப்பு முடிஞ்சதும் எங்க நிறுவனத்துல என்ன செய்வோம்னா, தரையில இருக்குறத அப்படியே சார்ட்டுல காப்பி எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஜீப்புல வச்சு ஆபீசுக்குக் கொண்டு வந்துருவோம். அங்கருந்து ரிப்போர்ட்டாகும், ரிப்போர்ட்டு மேல போகும். சார்ட்டு பீரோ மேல கெடக்கும். ஒரு மழையில கூரை ஒழுகி ரெண்டு வருச சார்ட்டு ஊறி ஒட்டிப்போச்சு, மிச்சத்த கரையான் பாத்துக்கிச்சு. அதுக்குள்ள ஒரு கிராமத்துல ஒரு பெரியவரு கேட்டாரு, நாங்க சார்ட்டச் சுருட்டிக்கிட்டு இருக்கும்போது, கோவமே இல்லாம, நெசமாவே தெரிஞ்சுக்கிற மாதிரி: "எங்க ஊரு படத்த நாங்க போட்டோம், நீங்க எங்க தாயி கொண்டு போறீக?" எனக்குப் பதில் வரல. அந்தப் பெரியவரு பழைய நீர்பாய்ச்சி, கண்மாய்த் தண்ணிய வயலுக்குப் பகுந்து விட்டவரு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற ரெண்டு வரத்துக்கால் எந்த மேட்டுல ஆரம்பிச்சு எங்க தூந்து போச்சுன்னு நடந்து காட்டுனவரு, அன்னிக்கு காலையில எங்களோட மூணு மைல் நடந்திருக்காரு. அவரு குடுத்த அறிவ நாங்க சுருட்டி எடுத்துக்கிட்டுப் போறோம், அவருகிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல.

அந்த வாரமே ஆபீஸ்ல சண்டை போட்டு ஒரு வழக்கம் கொண்டு வந்தோம். மேப்பு மூணு காப்பி எடுக்கணும். ஒண்ணு ஊராட்சி ஆபீசுக்கு, ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு, ஒண்ணு குழுத் தலைவி வீட்டுக்கு. நாங்க எடுத்துட்டுப் போறது நாலாவது, அதுவும் அவங்ககிட்ட கேட்டுட்டு. முடிஞ்ச ஊர்ல செவத்துலயே பெயிண்ட் அடிச்சு வரைஞ்சோம், பள்ளிக்கூடப் புள்ளைங்க அதப் பாத்து நோட்டுல வரைஞ்சதுங்க. அந்தப் பெரியவரு ஊர்லயும் செவத்துல போட்டோம், ரெண்டு வரத்துக்காலும் நீலக் கலர்ல.

2017ல அரசாங்கம் கண்மாய்களச் சீர்பண்ற குடிமராமத்துத் திட்டத்த மறுபடி கொண்டு வந்துச்சு இல்லையா, அப்ப அந்த ஊருக்கு வேலை வந்தப்ப எஸ்டிமேட்டுல கரைய உயத்துறதும் மடைய ரிப்பேர் பண்றதும்தான் இருந்திருக்கு. வரத்துக்கால் இல்ல. நான் அப்ப அந்த ஊர்லயே இல்ல, நிறுவனமும் இல்ல, பணம் வர்றது நின்னு மூடியாச்சு. அந்த ஊருப் பையங்க செவத்த செல்போன்ல போட்டோ எடுத்து, பார்வையிட வந்த இஞ்சினியர்கிட்ட காட்டி, தண்ணி வர்ற வாசல அடைச்சு வச்சுட்டு வீட்ட உயத்தி என்ன செய்யன்னு கேட்டிருக்காங்க. ஒரு வரத்துக்கால தூர் எடுத்துக் குடுத்துட்டாங்க. இன்னொண்ணுல ஆக்கிரமிப்புப் பிரச்சினை, இன்னும் நடக்குது. பெரியவரு அதப் பாக்க இல்ல, தவறிட்டாரு. செவரு இருந்துச்சு. அந்தப் பையங்கள்ல ஒருத்தன் எனக்கு போன் பண்ணிச் சொன்னப்ப நான் பஸ்ல இருந்தேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்.

விவசாயத்துல இதே வழிதான் உழவர் வயல்வெளிப் பள்ளின்னு வந்துச்சு. 1989ல இந்தோனேசியாவுல ஆரம்பிச்சது, அங்க மருந்து அடிக்க அடிக்க நெல்லுல புகையான்ங்கிற பூச்சி பெருகிப் போய் 1986லயே நெல்லுக்கு அடிக்கிற 57 வகைப் பூச்சிமருந்துக்குத் தடை போட்ட நாடு அது. விவசாயிங்க வாரா வாரம் வயல்ல எறங்கி, பயிரு, பூச்சி, பூச்சியத் திங்கிற சிலந்தி எல்லாத்தையும் எண்ணி சார்ட்டுல வரைஞ்சு, இந்த வாரம் மருந்து தேவையான்னு அவங்களே பேசி முடிவெடுப்பாங்க. பூச்சி பேரு கேட்டா சொல்லிக் குடுக்க வந்தவரு உடனே பதில் சொல்ல மாட்டாரு, இத எங்க பாத்தீங்க, அது என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சுன்னு திருப்பிக் கேப்பாரு. வேளாண் கல்லூரியில படிக்கிற புள்ளைங்களுக்கு இது பாடத்துலயே இருக்கும், ஊருக்கு வந்தா அதத்தான் செய்யணும்.

நம்ம மாநிலத்துலயும் நல்லா நடந்த காலம் உண்டு. 2005ல உலக வங்கி உதவியோட புதுவாழ்வுத் திட்டம் வந்தப்ப யாரு ஏழைன்னு ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணாம, மக்கள் நிலை ஆய்வுன்னு குடியிருப்பு குடியிருப்பா மேப்பு போட்டு, வீடு வீடாப் பேசி, லிஸ்ட்ட கிராமசபையில வாசிச்சாங்க. சிக்கல் இருந்துச்சு, பணம் வருதுன்னு தெரிஞ்சதும் மாடி வீட்டுக்காரரும் ஏழைன்னாரு, உண்மையான ஏழை நாலு பேரு முன்னாடி என்னைய ஏழைன்னு சொல்லாதீங்கன்னு அழுதுச்சு. அதனால அந்த ஒரு வேலைய மட்டும் கூட்டத்துல சத்தமாப் பண்ணக்கூடாது, சீட்டுல எழுதி, சின்னச் சின்னக் குழுவாத்தான் செய்யணும்னு படிச்சுக்கிட்டோம். ஆனாலும் லிஸ்ட்ட வாசிச்சது சரி. விட்டுப்போன பேரு அங்கயே எந்திரிச்சுக் கேக்க முடிஞ்சுச்சு.

இப்ப கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்னு வருசா வருசம் போடணும். 2018ல இருந்து மக்கள் திட்டமிடல் இயக்கம்னு அக்டோபர் 2ல ஆரம்பிச்சு நடத்துறாங்க, அதுல மேப்பு போடணும், ஊரச் சுத்தி நடக்கணும்னு எல்லாம் இருக்கு. நான் பாத்த ரெண்டு மூணு ஊர்ல போன வருசத் திட்டத்துல நாலு வரி மாத்தி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, கிராமசபையில வாசிச்சப்ப மைக் சத்தத்துல யாருக்கும் புரியல. கேரளாவுல 1996ல மக்கள் திட்டம் ஆரம்பிச்சப்ப மாநிலத் திட்ட நிதியில 35ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்குக் குடுத்துட்டுத்தான் ஜனங்கள உக்காந்து பேசச் சொன்னாங்க. பேசுனா காசு வரும்னு தெரிஞ்சா மழையிலயும் உக்காருவாங்க. நம்மகிட்ட அந்த அளவு இல்லாட்டியும், இருக்குற நிதிக் குழுப் பணத்துக்காவது ஊரு வரைஞ்சு கேக்கணும் இல்லையா. ஊராட்சித் தலைவர் இருந்தாலும், தேர்தல் நடக்காம தனி அலுவலர் இருந்தாலும் இது பொருந்தும்.

அதனால நான் கேக்குறது ரொம்பச் சின்ன விசயம்தான். கல்லூரியில இருந்து வர்ற புள்ளைங்க, பொடிய ஊர்க்காரங்க கையில குடுத்துட்டு ரெக்கார்டு நோட்டுல எழுதுங்க, காலனியில ஒரு மேப்பு, பொம்பளைங்களோட ஒரு மேப்பு தனியாப் போடுங்க. வாத்தியார்மார், மார்க் போடும்போது மேப்பு அழகா இருக்கான்னு பாக்குறதுக்குப் பதிலா காப்பி ஊர்ல குடுத்தாச்சான்னு ஊராட்சி செயலர்கிட்ட ஒரு கையெழுத்து கேளுங்க. ஊராட்சி ஆபீஸ்ல இருக்குறவங்க, கிராமசபைக்கு முந்தின நாள் அந்த மேப்ப வாசல்ல மாட்டி வைங்க. தமிழ்நாட்டுல வருசத்துக்கு ஆறு கிராமசபை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு தடவை அதே மேப்பு முன்னாடி உக்காந்து எது நடந்துச்சு எது நடக்கலன்னு கோடு போட்டுப் பாக்கலாம். செலவு ஒரு சார்ட்டும் ஒரு டப்பா பெயிண்டும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஆசிரியர் சார். அடுத்த தடவ இந்த மாதிரி போட்டோ வந்தா உங்க நிருபர ஒரு மாசம் கழிச்சு அதே ஊருக்கு அனுப்பி, அந்த மேப்பு இப்ப எங்க இருக்குன்னு யாராவது ஒரு அம்மாகிட்ட கேட்டு ரெண்டு வரி போடுங்க. வர்ற அக்டோபர் 2 கிராமசபைக்கு முன்னாடி போட்டீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.